தோனியின் முழங்காலும் டைல்ஸ் கொத்தனாரின் அட்வான்ஸும்!

2025 ஏப்ரல் 14. தமிழ் வருஷப் பிறப்பு. குத்தாலத்தில் மாமா வீட்டில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பாயசம் எல்லாம் ஆகி, ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். (குற்றாலம் இல்லீங்க... குத்தாலம். எங்களுக்கு அருவி கிடையாது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் காவிரிதான் எல்லாமே!) லக்னோவில் மேட்ச். அதற்கு முன் வரிசையாக ஐந்து மேட்ச் தோற்றிருந்தது சென்னை அணி. 167 எடுத்தால் ஜெயிப்பு. ஐந்து விக்கெட் போன பிறகு இறங்கிய தோனி 11 பந்தில் 26 ரன் அடித்து, அவுட் ஆகாமல் முடித்துக் கொடுத்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. வயசு? 43!

தெருவே கத்தியது. ஆனால் மாமா மகன், என் மச்சான், மட்டும் கத்தவில்லை. டி.வி.யையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"மாப்ளே... நொண்டுறாரு பாரு. இடது கால்."

மச்சானுக்கு அது உடனே தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அவரும் இருபது வருஷமாக எங்க ஊர் டீமுக்கு விக்கெட் கீப்பர். உளுந்து அறுத்து முடிந்த வயலில், சித்திரை வெயிலில், கார்க் பந்தில் ஆடுகிற டீம். வாரத்தில் ஆறு நாள் டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். ஏழாம் நாள் ஸ்டம்புக்குப் பின்னால். வயசு 41. எடை 84 கிலோ. அன்று அவர் உட்கார்ந்திருந்ததும் நாற்காலியில்தான், காலை நீட்டிக்கொண்டு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும்.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறாரா? "இந்த ஒரு சீசன்தான்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறவர்? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உட்கார்ந்து எழுந்து... 120 தடவை!

விக்கெட் கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். 20 ஓவர் ஆட்டத்தில் 120 தடவை. ஒரு நாள் ஆட்டம் என்றால் 300. டெஸ்ட் மேட்சில் ஒரு நாளைக்கே 540. தோனி இதை 2004-லிருந்து சர்வதேச ஆட்டங்களில் செய்து வந்தார்.

முழங்கால் என்பது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேருகிற இடம், முன்னால் ஒரு சில்லு. எலும்பு முனைகளில் வழுவழுவென்று குருத்தெலும்பு. இரண்டுக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள். நம்மூரில் எல்லாவற்றுக்கும் பொதுவாக "ஜவ்வு" என்று சொல்லிவிடுகிறோம். இதற்கெல்லாம் நடுவே எண்ணெய் போல ஒரு திரவம். மாட்டு வண்டி அச்சுக்கு மை போடுவோமே, அந்த மாதிரி.

சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே உடம்பு எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. படி ஏறினால் இன்னும் அதிகம். ஆழமாகக் குந்தும்போது சில்லுக்குப் பின்னால் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறுகிறது.

இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. கையில் வெட்டுப்பட்டால் பத்து நாளில் ஆறிவிடுகிறது. குருத்தெலும்பு தேய்ந்தால் அப்படி ஆறாது. அதற்குச் சாப்பாடு வருவது அந்தத் திரவத்திலிருந்துதான். ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீரை உறிஞ்சுமே, அது போல நடக்க நடக்க, அழுத்தி விட விட, ஊறி எடுத்துக்கொள்கிறது. ஆகவே "மூட்டு வலி, அசையவே மாட்டேன்" என்று கட்டிலே கதியென்று கிடப்பதும் தப்பு. அசைவு வேண்டும், அடி கூடாது. எல்லா மூட்டு டாக்டரும் சுற்றிச் சுற்றி இதைத்தான் சொல்கிறார்கள்.

2023 ஐ.பி.எல். முழுவதும் முழங்காலில் கட்டோடு ஆடினார் தோனி. மே 29-ஆம் தேதி ஆரம்பித்து மழையால் நள்ளிரவு தாண்டி முடிந்த இறுதி ஆட்டத்தில் கோப்பையை வாங்கிய கையோடு, ஜூன் 1-ஆம் தேதி மும்பையில் இடது முழங்காலில் ஆபரேஷன். பிறகும் 2024, 2025 இரண்டு சீசன் ஆடினார். 2025-ல் ஒரு மேட்சில் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஏன் இவ்வளவு பின்னால் என்று எல்லோரும் திட்ட, கோச் ஸ்டீபன் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: உடம்பும் முழங்காலும் முன்போல இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஓடி ஆட அவரால் ஆகாது என்று.

"அப்புறம் எதுக்குங்க ஆடணும்? போதும்னு உட்கார வேண்டியதுதானே?" இதைக் கேட்டது மச்சானின் மனைவி. டி.வி.யைப் பார்த்துக் கேட்டாரா, புருஷனைப் பார்த்துக் கேட்டாரா என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஆள் விலகினால் கல்லாவில் என்ன ஆகும்?

இங்கேதான் பணக் கணக்கு வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுவாரஸ்யமான கணக்கு.

ஐ.பி.எல்.லில் எந்த அணியும் இஷ்டத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற மாதிரி. அரிசிக்கு அதிகம் போனால் காய்கறிக்குக் கை கடிக்கும். 2008-ல் அந்த வரம்பு 50 லட்சம் டாலர். அதில் 15 லட்சம் டாலரை ஒரே ஆளுக்கு, தோனிக்கு, கொடுத்தது சென்னை. பத்தில் மூன்று பங்கு! 2022-ல் வரம்பு 90 கோடி ரூபாய், தோனிக்கு 12 கோடி. அந்த வருஷம் ஜடேஜாவுக்கு 16 கோடி கொடுத்து, தான் இரண்டாவது இடத்துக்கு இறங்கிக்கொண்டார்.

2025-ல் வரம்பு 120 கோடி ஆனது. அப்போது ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரர், புதுமுகம் போலவே கணக்கில் வருவார். தோனி கடைசியாக நாட்டுக்காக ஆடியது 2019 ஜூலையில், நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. ஆகவே உலகக் கோப்பை ஜெயித்த கேப்டன் 'புதுமுகம்' ஆனார். சம்பளம் 4 கோடி.

ருதுராஜ், ஜடேஜா ஆளுக்கு 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. மொத்தம் 65 கோடி. ஏலத்துக்கு மிச்சம் 55. இதே தோனியை ஐந்தாவது மூத்த வீரராகக் கணக்கில் வைத்திருந்தால் விதிப்படி 14 கோடி கழிந்திருக்கும். அதாவது 10 கோடி மிச்சம். அந்த ஏலத்தில் ஆப்கானிஸ்தான் சுழல் வீரர் நூர் அகமதை சென்னை எடுத்த விலை சரியாக 10 கோடி! அவர் அந்த சீசனில் 24 விக்கெட் எடுத்தார். (அப்படியும் சென்னை கடைசி இடம்தான். அதை இங்கே பேச வேண்டாம், வயிற்றெரிச்சல்.)

நிஜமாகவே ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்பதற்கும் நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. அஸ்வின். அதே ஏலத்தில் 9.75 கோடிக்குச் சென்னைக்குத் திரும்பி வந்தவர், 2025 ஆகஸ்ட் 27-ல் ஐ.பி.எல்.லிலிருந்தே விடைபெற்றார். அந்த 9.75 கோடி அப்படியே அணியின் கல்லாவுக்குத் திரும்பியது. அவர் போனதால் ஒரு பைசா நஷ்டம் கணக்கில் ஏறவில்லை. டிசம்பர் ஏலத்துக்கு 43 கோடிக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு போன சென்னை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளம் பையன்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது.

தோனி விஷயத்தில் கணக்கு தலைகீழ். அவர் விலகினாலும் கல்லாவுக்குத் திரும்புவது வெறும் 4 கோடிதான். 2025 மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்ததும் "முடிவு செய்ய நாலைந்து மாசம் இருக்கு, அவசரமில்லை" என்ற தோரணையில் பேசிவிட்டு ராஞ்சிக்குப் போனார். நவம்பரில் 2026-க்கான பட்டியல் வந்தபோது அவர் பெயர் இருந்தது. ஆனால் அதே நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பி, சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கி வைத்தது சென்னை. சாம்சனும் விக்கெட் கீப்பர். புரிகிறதா? வீட்டில் பெரியவர் இருக்கும்போதே அடுத்த சாவிக்கொத்து தயாராகிவிட்டது.

அமெரிக்காவில் வேறு மாதிரி...

அமெரிக்க ஃபுட்பாலில் முன்வரிசையில் நின்று மோதித் தடுக்கிற ஆட்கள் உண்டு. ஆளுக்கு 130, 140 கிலோ. அங்கேயும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-ல் ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். ஆனால் அங்கே ஒரு மூத்த ஆள் ஓய்வு பெற்றால் அணிக்குச் சமயத்தில் தலைவலி.

காரணம், அட்வான்ஸ். ஒப்பந்தம் போடும்போதே பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் மட்டும் அதை நாலைந்து வருஷத்துக்குப் பங்கு போட்டு எழுதுகிறார்கள். ஆள் நடுவில் விலகிவிட்டால், மிச்ச வருஷப் பங்கு மொத்தமும் ஒரே வருஷத்தில் தலையில் விழும். ஆடாத ஆளுக்குக் கணக்கில் இடம்! அதனால் ஜூன் 1-க்குப் பிறகு விலகியதாகக் காட்டி, பாரத்தை இரண்டு வருஷத்துக்குப் பிரித்துக்கொள்கிற தந்திரமும் உண்டு.

அந்த முன்வரிசை ஆட்களில் ஜோ தாமஸ் என்று ஒருவர். கிளீவ்லாந்து அணிக்காக 2007-லிருந்து ஒரு முறைகூட வெளியே போகாமல் தொடர்ந்து 10,363 தடவை களத்தில் நின்றவர். 2018-ல் ஓய்வு பெற்றார். அப்போது அவர் முழங்கால் படாத பாடு பட்டிருந்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஏறக்குறைய 22 கிலோ எடையைக் குறைத்தார். நீச்சல், சைக்கிள், சாப்பாட்டில் கட்டுப்பாடு. அதுதான் நமக்கு வேண்டிய பாடம், டாலர் கணக்கு இல்லை.

நம்ம தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதனையும் சொல்லாமல் விட முடியாது. கபடியில் தடுப்பு ஆட்டக்காரர். 1975-ல் பிறந்தவர், 2016 உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியில் 41 வயதில் இருந்தார். 2019-ல் 44 வயதில் ஹரியானா அணிக்குக் கேப்டன். மற்ற வீரர்கள் எல்லோரும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்கள். வயசாகிவிட்டது என்று யாரையும் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அவர் உடம்பைத் தொழிலாகப் பார்த்துக்கொண்டவர். நம்மவர்கள் தொழிலுக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வயலில் கொடுக்கிறார்கள்.

மச்சானின் கணக்கு

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கச்சி (மச்சானின் மனைவிதான்) விஷயத்தை உடைத்தார்.

"அண்ணே, பாப்பா நர்ஸிங் சேர்றதுக்கு மேஸ்திரிகிட்ட நாப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்காரு. வாரா வாரம் கூலியில கழிச்சுக்குறாங்க. இன்னும் பாதிக்கு மேல இருக்கு. இவரு கால் மடங்கி விழுந்தா மறுநாளே மிச்சத்தை எடுத்து வைன்னு நிப்பாங்க. இதைச் சொன்னா, கிரிக்கெட்டு பத்தி உனக்கு என்ன தெரியும்ங்குறாரு."

கிரிக்கெட் பற்றித் தெரியாதுதான். ஆனால் அமெரிக்க அணிகளின் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருந்தது!

மறுநாள் மச்சானை வற்புறுத்தி மயிலாடுதுறைக்கு ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே பார்த்தார். தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை என்றார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி: "வலிக்கு என்ன போட்டுக்கிறீங்க?"

"மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுப்பேன் சார். ஞாயித்துக்கிழமை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெயர் தெரியாத அந்த 'செட்' மாத்திரையில் வலி மாத்திரை இருக்கும், சமயத்தில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். அடிக்கடி போட்டால் வயிற்றில் புண், கிட்னிக்குக் கேடு, ரத்த அழுத்தம் ஏறும். அதைவிட மோசம், வலி என்பது முழங்கால் அடிக்கிற மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டு விளையாடினால் தேய்மானம் வேகமாகத்தான் போகும்.

அவர் சொன்னதில் உங்களுக்கும் உதவக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும். மச்சான் பத்து கிலோ இறக்கினால் நாற்பது கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையில் முக்கால்வாசிக்கு மேல்! ஒவ்வொரு அடிக்கும்! டெல்டாக்காரன் சோற்றை விட மாட்டான், தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, கீரையும் சுண்டலும் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து தொடைத் தசை. முழங்காலைத் தாங்குகிற தூண் அதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். பத்து தடவை. பிறகு அடுத்த கால். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திப் பிடிப்பது இன்னொன்று. காசு செலவில்லை. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம், பெண்களுக்கும் இதே பயிற்சிதான். நாற்று நடுகிறவர்களும், அரிவாள்மணையில் மணிக்கணக்காக உட்காருகிறவர்களும் கட்டாயம் செய்யுங்கள்.

வேலையில் குந்தியே இருக்காதீர்கள். சின்ன மணைக்கட்டை போட்டு உட்காரலாம். முழங்கால் ஊன்றினால் பஞ்சு வைத்த பட்டை கட்டிக்கொள்ளலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து பத்தடி நடக்க வேண்டும். அடிபட்டு வீங்கினால் ஐஸைத் துணியில் சுற்றி பதினைந்து நிமிஷம், நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. சூடு பறக்கத் தேய்த்து உருவிவிடுவது அன்றைக்கு வேண்டாம்.

முழங்கால் நடுவில் பூட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, திடீரென்று மடங்கி விழப் பார்க்கிறது, ஊன்றவே முடியவில்லை, காய்ச்சலோடு வீங்கிச் சிவந்து சுடுகிறது... இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

கட்டட வேலை செய்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.பி.எல். வீரருக்கு இன்ஷூரன்ஸ், பிஸியோ எல்லாம் உண்டு. உங்களுக்கும் சில கதவுகள் இருக்கின்றன. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்தவருக்கு 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும், பிள்ளைகள் படிப்புக்கு உதவியும் உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷன் என்று வந்தால், உங்களுக்குத் தேவையானது அதன் பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மச்சான் வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் பீரோவில் போட்டு வைத்திருந்தார். பாப்பா படிப்புக்குக் கடன் வாங்கும் முன் அங்கே கேட்டிருக்கலாமே என்றேன். தங்கச்சி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மச்சான் கிளவுஸை எடுத்துத் தன் அண்ணன் மகனிடம் கொடுத்தார். "இனிமே நீ நில்லுடா. நான் அம்பயர்."

மூன்று மாதம் கழித்து போன் போட்டேன். தங்கச்சிதான் எடுத்தார். எடை அஞ்சு கிலோ குறைந்திருக்கிறதாம். கால் நீட்டுகிற பயிற்சி தினமும் நடக்கிறதாம். செட் மாத்திரை நிறுத்தியாகிவிட்டதாம்.

"கிரிக்கெட்?"

"அம்பயரா நிக்கிறேன்னுதாண்ணே போறாரு. போன வாரம் அந்தப் பையன் ரெண்டு கேட்ச் விட்டுட்டானாம். கடைசி ஓவருக்குக் கிளவுஸைப் பிடுங்கி மாட்டிக்கிட்டு நின்னிருக்காரு. கேட்டா, 'ஆறு பந்துதானே'ங்குறாரு... இருங்க, அவர்கிட்டயே கொடுக்குறேன். நீங்களே கேளுங்க!"